மகன் கவுண்டி சிறையில்: எந்தப் பெயரில் தேடுவது, போனில் எதைப் பேசாமல் இருப்பது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நாமக்கல் அருகே வசிக்கிறோம். என் ஒரே மகன், 32 வயது, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் பிரிஸ்கோவில் எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை இரவு அவனுக்கும் மருமகளுக்கும் சண்டை வந்து, யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்களாம். மூன்று நாளாக அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மருமகள் என் போனை எடுப்பதில்லை. "கவுண்டி ஜெயிலில்தான் இருப்பான்" என்கிறான் அவன் நண்பன். ஆனால் சிறையின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டால் அப்படி யாரும் இல்லை என்று வருகிறது. நண்பனுக்கு இரண்டு முறை ஏதோ பதிவு செய்த குரலில் அழைப்பு வந்ததாம். மோசடி என்று துண்டித்துவிட்டானாம். இதற்கிடையில் வக்கீல் என்று ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி, 15,000 டாலர் அனுப்பினால் இன்றே வெளியே எடுக்கிறேன் என்கிறார். மகன் தினமும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவன். அவன் எங்கே இருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவனோடு எப்படிப் பேசுவது?

பதில்: அம்மா, அந்த 15,000 டாலரை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அமெரிக்காவில் ஒருவர் கைதானால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அவருடைய பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் பொதுப் பதிவாகிவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குடும்பத்தைத் தேடிப்பிடித்துப் பணம் கறப்பவர்களுக்கு அதுவே போதுமான மூலதனம். உங்களிடம் பேசியவர் உண்மையான வக்கீலாகவே இருந்தாலும், கைதானவரின் குடும்பத்தைத் தானாகப் போனில் கூப்பிட்டு வழக்குப் பிடிப்பது டெக்சாஸ் தண்டனைச் சட்டப்படி குற்றம். ஆகவே அவர் ஒன்று போலி, இல்லாவிட்டால் சட்டத்தை மீறுகிறவர். இரண்டில் எதுவானாலும் உங்கள் மகனை அவர் கையில் ஒப்படைக்க வேண்டாம். வக்கீலின் உரிமத்தை டெக்சாஸ் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் இணையப் பட்டியலில் ஒரே நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி, அவன் எங்கே என்ற கேள்வி.

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'ஜெயில்' என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் அது இரண்டு. தண்டனை பெற்றவர்கள் நீண்ட காலம் இருப்பது மாநிலச் சிறை அல்லது மத்திய அரசின் சிறை. புதிதாகக் கைதானவர்கள், ஜாமீனுக்கும் விசாரணைக்கும் காத்திருப்பவர்கள் இருப்பது கவுண்டி சிறை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அதன் சிறையை நடத்துபவர் அந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். ஒன்றில் தேடினால் இன்னொன்றில் இருப்பவர் வரமாட்டார்.

பிரிஸ்கோவில் இது இன்னும் சிக்கல். அந்த ஒரே ஊர் காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. எந்தத் தெருவில் கைது செய்தார்களோ அதைப் பொறுத்து அவன் மெக்கின்னியில் உள்ள காலின் கவுண்டி சிறையில் இருக்கலாம், டென்டன் நகரில் உள்ள டென்டன் கவுண்டி சிறையிலும் இருக்கலாம். நண்பன் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கவுண்டியில் மட்டும் தேடியிருப்பான் என்பது என் ஊகம். உங்கள் மகனின் வீட்டு முகவரி எந்தக் கவுண்டியில் வருகிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரம் நகரப் போலீசின் சொந்த லாக்கப்பில் வைத்திருந்து, பிறகுதான் கவுண்டிக்கு மாற்றும் வழக்கமும் உண்டு. அந்த இடைவெளியில் தேடினால் எங்குமே பெயர் இருக்காது. மூன்று நாள் ஆகிவிட்டதால் இப்போது அந்தக் காரணம் பொருந்தாது.

எனக்கு இன்னொரு காரணம்தான் பலமாகத் தோன்றுகிறது. தமிழர்களின் வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அது. நீங்கள் மகனை அழைக்கும் பெயரில் சிறை அவனை அறியாது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். உதாரணத்துக்கு ப. செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம், தந்தை பழனிசாமி. அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் 'செந்தில்குமார்' குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்றோர் வைத்த பெயரைப் பத்திரமாகக் கொண்டுபோனவனுக்கு அரசாங்கம் 'பெயர் தெரியாதவன்' என்று ஒரு பெயர் வைக்கிறது. ஓட்டுநர் உரிமத்திலும் அதே நிலை தொடர்ந்தால், சிறையிலும் அதே பெயர்தான். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தால், பட்டியலில் உங்கள் மகன் உங்கள் கணவரின் பெயரில் இருப்பான். செந்தில் என்றும் குமார் என்றும் இரண்டாகப் பிரித்திருந்தால், குமார் என்ற கடலில் தேட வேண்டும்.

எனவே வீட்டில் இருக்கும் பாஸ்போர்ட் நகலையும் விசா நகலையும் எடுத்து, அதில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை ஓர் எழுத்தும் மாறாமல் நண்பனுக்குப் படம் பிடித்து அனுப்புங்கள். பழனிசாமி என்பதை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம் என்பது ஆசிரியையான உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழுப் பெயரைப் போடாமல் முதல் நான்கு எழுத்தை மட்டும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் மாற்றிப் போட்டு இன்னொரு முறை. பிறந்த தேதி கேட்கும் கட்டம் இருந்தால் அமெரிக்க முறைப்படி மாதம் முதலில், நாள் பிறகு.

அப்படியும் வரவில்லை என்றால் இரண்டு சிறைகளுக்கும் நேராகப் போன் செய்வதுதான் வழி. பெயர், பிறந்த தேதி சொன்னால் அங்கே இருக்கிறாரா, என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் எவ்வளவு என்று சொல்வார்கள். "அம்மா தேடுகிறார் என்று சொல்லுங்கள்" என்றால் செய்யமாட்டார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே தரும் புக்கிங் எண்ணை, அதாவது சிறையில் அவனைப் பதிவு செய்த எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட, கடிதம் எழுத, வக்கீல் பார்க்க எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் இனி அவன் பெயர். கூடவே ஒரு கேள்வி தவறாமல் கேட்க வேண்டும்: குடியேற்றத் துறையின் தடுப்புக் கோரிக்கை, அவர்கள் 'ஐஸ் ஹோல்ட்' என்பார்கள், ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஜாமீன் கட்டியதும் அவன் வீட்டுக்கு வரமாட்டான். குடியேற்றத் துறைக்காக மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருந்து அங்கே ஒப்படைக்கலாம். அப்படி மாற்றினால் கவுண்டிப் பட்டியலிலிருந்து பெயர் மறைந்துவிடும். பிறகு குடியேற்றத் துறையின் சொந்தத் தேடல் பக்கத்தில், பிறந்த நாடு இந்தியா என்று குறித்துத் தேட வேண்டும். அங்கேயும் எழுத்துக்கூட்டல் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். ஹோல்ட் இருக்கும்போது வக்கீலைக் கேட்காமல் ஜாமீன் கட்டாதீர்கள்.

அடுத்து, போன். உள்ளே இருப்பவரை நீங்கள் கூப்பிட முடியாது. அவர்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது முதலில் ஓர் இயந்திரக் குரல் வரும்: கவுண்டி சிறையிலிருந்து அழைப்பு என்று சொல்லிவிட்டு ஓர் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் கைதி தன் பெயரைத் தானே சொல்லியிருப்பார், இரண்டு வினாடி. பிறகு ஏற்றுக்கொள்ள இந்த எண்ணை அழுத்தவும் என்று குரல் தொடரும். உங்கள் மகனின் நண்பன் இரண்டு முறை துண்டித்தது அநேகமாக அதைத்தான். அவனைத் திட்டாதீர்கள், மோசடி அழைப்புகளுக்குப் பழகிய எல்லோரும் அதையே செய்கிறார்கள். அடுத்த முறை பொறுமையாக அந்த இடைவெளி வரை கேட்கச் சொல்லுங்கள்.

சிறைகளின் தொலைபேசியைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. எந்த நிறுவனம் என்று ஷெரிப் அலுவலகப் பக்கத்தில் இருக்கும். நண்பன் தன் அமெரிக்க எண்ணை அங்கே பதிவு செய்து முன்பணம் போட்டு வைத்தால் அழைப்பு தடையில்லாமல் வரும். கட்டணம் ஒரு காலத்தில் கொள்ளையாக இருந்தது. மார்த்தா ரைட் என்ற பாட்டி, சிறையிலிருந்த பேரனோடு பேசக் கட்டுப்படியாகாமல் 2003இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தார். அவர் இறந்த பிறகு, 2023 ஜனவரியில்தான் அவர் பெயரிலேயே அந்தக் கட்டணங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் கையெழுத்தானது.

இந்திய எண்ணைப் பதிவு செய்ய சில கவுண்டிகளில் முடியும், பலவற்றில் முடியாது. முடியாவிட்டால் நண்பன் உங்களைக் கான்பரன்ஸ் காலில் சேர்ப்பதாகச் சொல்வான். வேண்டாம். மூன்றாவது ஆள் இணைவது விதிமீறல். கண்டுபிடித்தவுடன் அழைப்பு அறுந்துவிடும், மகனின் போன் சலுகையே சில நாள் போகலாம். வீடியோ சந்திப்புக்கும் மின்செய்திக்கும் செயலி வழியாகப் பதிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல சிறைகளில் இப்போது நேரில் போனாலும் கண்ணாடிக்கோ திரைக்கோ முன்னால் உட்கார்ந்துதான் பேச முடியும்.

இனி நான் சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். அந்த அழைப்புகள் அனைத்தும் பதிவாகின்றன. வக்கீலோடு பேசுவது தவிர, அம்மாவோடு, மனைவியோடு, பூசாரியோடு பேசுவது எல்லாமே. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில், மனைவியைத் தொடவே இல்லை என்பதுதான் எங்கள் தரப்பு. முதல் நாள் அழைப்பில் அவனுடைய தாய் அழுதுகொண்டே, "ஒரு அறை விட்டதற்கா ஜெயிலில் போடுவார்கள்?" என்று கேட்டிருக்கிறார். பையன், "விடுங்கள் அம்மா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அரசு வக்கீல் அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, நேரக் குறிப்போடு தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்தார். 'அறை' என்ற சொல்லுக்கு 'ரூம்' என்றும் பொருள் உண்டு என்று வாதாடிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தாய் மகனைக் காப்பாற்றக் கேட்ட கேள்வி, அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஆகவே, மகன் பேசும்போது அன்று இரவு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அவனாக ஆரம்பித்தாலும் நிறுத்துங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை தருகிறார்களா, வக்கீல் வந்தாரா, அடுத்த வாய்தா எப்போது, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா. இவ்வளவு போதும். போலீசாரிடமும் வக்கீல் இல்லாமல் எதையும் விளக்க வேண்டாம் என்று ஒரு வரி சொல்லுங்கள். "உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்று நம் பிள்ளைகள் நினைப்பதுதான் பல வழக்குகளைக் கெடுக்கிறது.

மருமகள் போனை எடுக்கவில்லை என்கிறீர்கள். எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவளுக்கும் அந்த ஊரில் யாரும் இல்லை. அவளுக்கு அடிபட்டிருக்கலாம், பயந்திருக்கலாம். அது ஒருபுறம். சட்டப்படியும், குடும்ப வன்முறை வழக்கில் நீதிபதி அவசரப் பாதுகாப்பு ஆணை போடலாம். டெக்சாஸில் அது பொதுவாக 31 முதல் 61 நாள் வரை நிற்கும். அந்த ஆணை இருந்தால் மகன் அந்த வீட்டுக்குப் போக முடியாது. அவளோடு பேசவே கூடாது என்றும் அதில் இருக்கலாம். நீங்கள் நடுவில் நின்று தூது போனால் அது அவன் மீறியதாகவே பார்க்கப்படும். "புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள்" என்று சம்பந்தி வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்புவது நம் ஊர் வழக்கம். அங்கே வழக்குத் தொடுத்திருப்பது மருமகள் அல்ல, டெக்சாஸ் மாநிலம். அவள் வேண்டாம் என்றாலும் அரசு வக்கீல் நடத்தலாம். அதற்கு மேல், சாட்சியை மிரட்டியதாக இரண்டாவது வழக்கும் வரலாம்.

கைதான 48 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்க வேண்டும். ஜாமீன் தொகையும் அங்கேதான் முடிவாகும். எனவே இன்றைக்கு அந்தத் தொகை பதிவில் இருக்கும். முழுத் தொகையையும் கவுண்டியிலேயே கட்டினால், வழக்கு முடியும்வரை அவன் எல்லா வாய்தாவுக்கும் ஆஜரானால் திரும்பக் கிடைக்கும். உரிமம் பெற்ற ஜாமீன் முகவரிடம் போனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், ஆனால் அது திரும்பாது. யாரும் ஜாமீனைக் கிப்ட் கார்டில் வாங்குவதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே, வெளியே வந்தால் அவன் எங்கே தங்குவான் என்று நண்பனிடம் பேசி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கும் விடுவிப்பார்கள். கையில் போன் சார்ஜ் இல்லாமல் வாசலில் நிற்பான்.

வக்கீல் இல்லாமல் நாளைக் கடத்தாதீர்கள். வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது. அந்த உரிமை மாஜிஸ்திரேட் முன் நிற்கும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது என்று 2008இல் சொன்னதும் டெக்சாஸின் கில்லெஸ்பி கவுண்டி வழக்கு ஒன்றில்தான். உங்கள் மகனின் சம்பளத்துக்கு அரசு செலவில் வக்கீல் கிடைப்பது கடினம். சொந்தமாக அமர்த்த வேண்டியிருக்கும். அமர்த்தும்போது குற்றவியல் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வீர்களா என்பது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்பது 2010 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. டெக்சாஸில் ஒரு கவர்ச்சியான பேரம் உண்டு: குற்றத்தை ஒப்புக்கொள், சில காலம் ஒழுங்காக இரு, தண்டனைப் பதிவே இருக்காது என்பார்கள். மாநிலச் சட்டப்படி அது சரி. குடியேற்றத் துறையோ அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். குடும்ப வன்முறைத் தண்டனை, நாடு கடத்தக் காரணமாகும். "எதையாவது ஒத்துக்கொண்டு வெளியே வந்துவிடு கண்ணா" என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவன் உங்கள் பேச்சைக் கேட்கிற பிள்ளையாக இருந்தால் அதுதான் பெரிய ஆபத்து.

இந்தியத் துணைத் தூதரகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டெக்சாஸுக்கு ஹூஸ்டன் தூதரகம். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு, கைதான வெளிநாட்டவர் தன் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம் என்கிறது. பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் அந்த நாட்டுக்கு எதிராக இந்தியா சர்வதேச நீதிமன்றத்தில் பிடித்துக்கொண்டதும் இதே பிரிவைத்தான். மலேசியாவோ சிங்கப்பூரோ என்றால், கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும் அமெரிக்கப் போலீஸ் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும். இந்தியர் என்றால், அவரே 'சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். பலர் வெட்கத்தில் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். நீங்கள் இங்கிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் மனுப் பதியலாம். பாஸ்போர்ட் எண், சிறை, புக்கிங் எண் மூன்றும் இருந்தால் நடவடிக்கை வேகமாகும். தூதரகம் நலம் விசாரிக்கும், வக்கீல்களின் பட்டியல் தரும். ஜாமீன் கட்டாது, வழக்கில் தலையிடாது.

தைராய்டு மாத்திரைக்கு இன்றே ஏற்பாடு செய்யலாம். சிறையின் மருத்துவப் பிரிவுக்கு நண்பனைப் போன் செய்யச் சொல்லி, மருந்தின் பெயர், அளவு, எழுதிக்கொடுத்த மருத்துவர், மருந்து வாங்கிய கடை எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். தனியுரிமைச் சட்டம் காரணமாக அவர்கள் பதிலுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் குறித்துக்கொள்வார்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைப் பாட்டிலை நண்பன் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வெளியிலிருந்து கொண்டுபோகும் மருந்தைச் சிறைகள் பொதுவாக வாங்குவதில்லை. அவன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டால் சோப்பு, தின்பண்டம், தபால் தாள் வாங்கிக்கொள்வான்.

கடிதம் எழுத ஆசைப்பட்டால் எழுதுங்கள். உறையில் அவன் பாஸ்போர்ட் பெயரும் புக்கிங் எண்ணும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். விபூதி, புகைப்படச் சட்டம், ஸ்டிக்கர் எதையும் உள்ளே வைக்காதீர்கள், உறையோடு திரும்பி வரும். பல கவுண்டிகளில் கடிதத்தை ஸ்கேன் செய்து திரையில்தான் காட்டுகிறார்கள். ஆகவே கறுப்பு மையில், கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நம் ஊருக்கும் டெக்சாஸுக்கும் கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதினொன்றரை. அங்கே மாலையில் கைதிகளுக்குப் போன் கிடைக்கும்போது உங்களுக்கு விடிகாலை. நண்பனின் அழைப்பு அந்த நேரத்தில்தான் வரும். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.